வெடிக்கு முந்திய சத்தம்

அந்தச் சத்தம் மேற்கிலிருந்து வந்தது. மூங்கில் காட்டைத் தாண்டி, ஏலக்காய்ச் சரிவைத் தாண்டி, ஆரஞ்சுத் தோட்டங்களின் மேல் உருண்டு வந்து, ஊசிப்பரப்பின் தகரக் கூரைகளை ஒருமுறை அதிரவைத்து, கிழக்குப் பாறையில் முட்டித் திரும்பி, போகிற போக்கில் பவளத்தாயி டீக்கடையின் கண்ணாடி டம்ளர்களையும் கிணுகிணுக்க விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கிப் போனது. கருமந்திகள் கத்தின. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டன. பட்டறையில் திருப்புளியும் கையுமாகக் குனிந்திருந்த சிக்கந்தர் ராவுத்தருக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் அந்த மலையில் வெடிக்கிற எந்தத் துப்பாக்கியும் அவருடைய காதுக்குச் சொந்தக்காரர் வீட்டு ஆள் மாதிரி, வாசலில் செருமினாலே இன்னார் என்று தெரிந்துவிடும். ஜமீன்தாருடைய நானூற்றி எழுபது. ரெட்டைக்குழல். வலது குழல். தோட்டா தான் கட்டிக் கொடுத்தது. இவ்வளவும் காது சொல்லி முடித்த பிறகுதான் அவர் கண் மேசையைப் பார்த்தது. ஜமீன்தாருடைய நானூற்றி எழுபது அங்கேதான், கட்டை வேறு குழல் வேறாகக் கழன்று, எண்ணெய்த் துணிமேல் படுத்திருந்தது.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை மடித்துக் குழலுக்கு அடியில் இன்னும் சரியாக வைத்துவிட்டு, விட்ட வேலையைச் செய்தார்.

துப்பாக்கி ரிப்பேர் முடிந்து திரும்பிப் போன பிறகு, ஜமீன்தார் மேற்குச் சரிவில் ஒரு காட்டெருமையைக் குறிபார்த்து விசையை இழுத்தார். நெருப்பு வந்தது, புகை வந்தது, கட்டை தோளில் உதைத்தது, எருமையின் முன்னங்கால்கள் மடிந்தன, அது தன் பாரம் முழுவதையும் இறக்கிவைப்பதுபோல் புல்லில் சாய்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் மேய்ந்த மற்ற எருமைகள் தலை தூக்கவில்லை. செத்ததன் காது மடலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அது கூடப் பறக்கவில்லை.

சர்க்காரில் லைசென்ஸ் வாங்கினால் காட்டெருமையைச் சுடலாம், உத்தரவு வந்தால் யானையையும் சுடலாம் என்றிருந்த காலம் அது. கீழே சமவெளியிலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களின் ஜீப்புகளால்தான் ஊசிப்பரப்புக்கு ரோடு என்று ஒன்று இருந்தது, அவர்கள் சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளின் அடியில் மறுபடி நெருப்புக் கேப்பு அடித்து, வெடிமருந்து இட்டு, ஈயக்குண்டு பொருத்தித் தோட்டா கட்டிக் கொடுப்பதால்தான் சிக்கந்தர் ராவுத்தர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே, வெடிக்குப் பின்னால் வரவேண்டிய சத்தம் வெடிக்கு முன்னால் வரத் தொடங்கியபோது, இது எதனால் என்று கேட்க அந்த ஊருக்கு நேரமில்லை. இனி எப்படிப் பிழைப்பது என்று மட்டும் கேட்டது.

முதலில் விறகுக்குப் போகிற பெண்கள் பழகிக்கொண்டார்கள். எந்தத் திசையில் சத்தம் கேட்டதோ அந்தத் திசைக்கு, அதன் குண்டு போய்ச் சேரும்வரை அவர்கள் போகவில்லை. சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாடு மேய்க்கிறவர்களும் அப்படியே. காளி கோயில் பூசாரி, சத்தத்துக்கு ஒரு தேங்காய், குண்டுக்கு ஒரு தேங்காய் என்று இரண்டாக்கிக்கொண்டார். கறிக்கு மிருகம் சுடுகிறவன் பிஸ்மில்லாவைச் சத்தத்தின்போது சொல்வதா, சுடும்போது சொல்வதா என்று ஒரு குழப்பம் பள்ளிவாசலில் எழுந்தது, மோதினார் இபுறாகிம்ஷா தாடியை நீவி, "ரெண்டு வாட்டியும் சொல்லு, அல்லா என்ன கோவிச்சுக்கவா போறான்?" என்று தீர்த்துவைத்தார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள், கேட்டு இன்னும் வெடிக்காத சத்தம் ஏதும் பாக்கி நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் குறித்தார்கள். மிருகங்களும் பழகின. சத்தம் கேட்டதும் ஓடிய மான்கள், ஓடியும் பயனில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு, பிறகு ஓடுவதை விட்டுவிட்டன. ஒரு கடமான், சத்தம் கேட்ட நாளிலிருந்து குண்டு வந்த நாள்வரை ஒரே ஓடைக்கரையில் நின்றது என்றும், தண்ணீர் குடிக்கக்கூடக் குனியவில்லை என்றும் சொன்னார்கள்.

ஒருமுறை ஆரஞ்சு வியாபாரி ஒருவன், கேட்ட வெடியைத் தடுத்துக் காட்டுகிறேன் பார் என்று, தன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கிணற்றில் போட்டான். கிணறு தூர் வாரும்போது மேலே வந்த துப்பாக்கியை ஒருவன் உதறிப் பார்க்க, அது சத்தமில்லாமல் வெடித்துக் கிணற்றடி வாழைமரத்தைச் சாய்த்தது. அதற்கப்புறம் யாரும் எதையும் தடுக்க முயலவில்லை. "கேட்டது கேட்டதுதான்" என்று ஒரு பேச்சு ஊரில் உண்டாகி, கடன் கேட்கப் போனவனுக்கும் பெண் கேட்கப் போனவனுக்கும் கூட அதையே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது.

இதில் சிக்கந்தர் ராவுத்தருக்குத்தான் தூக்கம் போனது. எங்கே சத்தம் கேட்டாலும் ஜனம் அவர் பட்டறை வாசலுக்கு வந்தது.

"ராவுத்தரே, யாரோடது?"

"முன்னூத்தி எழுபத்தஞ்சு. கம்பி இழுத்துச் சுடுறது. வடக்க."

"செத்துச்சா?"

"அத நான் எப்படிம்மா சொல்ல? எனக்குக் கேக்கத்தான் தெரியும்."

"காசில்லாத சோசியரு, பரிகாரம் கேட்டாக் கோவம் வருது பாரு" என்று பவளத்தாயி கடையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

துப்பாக்கி வாங்க யோசனை கேட்டு வரும் சமவெளிக்காரர்களிடம் அவர் பேசுவது அதைவிடக் கொஞ்சம் நீளம். பெரிய மிருகத்துக்குப் பெரிய குழல் என்று பெருமைக்கு வாங்காதீர்கள், எவ்வளவு கிட்டத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள் என்பார். திறந்த புல்வெளியில் நின்று எருமையைச் சுடுகிறவனுக்கு முன்னூற்றி எழுபத்தைந்து போதும், தப்பினாலும் கம்பியை இழுத்து அடுத்த தோட்டா ஏற்ற இடமிருக்கிறது. மூங்கிலுக்குள் யானைக்கு எதிரே நிற்கிறவனுக்கு ரெட்டைக்குழல்தான். ஏனென்றால் அங்கே முதல் குண்டு யானைக்கு, இரண்டாவது குண்டு உங்கள் பெண்டாட்டி பிள்ளைக்கு. அப்படி ரெட்டைக்குழல் அந்த மலையில் இரண்டே இருந்தன. ஒன்று ஜமீன்தாருடையது, அவரோடு கீழே போய்விட்டது. இன்னொன்று, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரை விட்டுச் சென்ற நானூற்றி ஐம்பது, கேப்பைத் தட்டுகிற இரண்டு குதிரைகள், மலையில் வேறெதிலும் இல்லாதபடி, வெளியே தெரிய, ராவுத்தரின் மருமகன் ஜக்கரியாவிடம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வேறு மாதிரியான ஒரு சத்தம் வந்தது. முதலில் 'டக்' என்று குதிரை விழுந்தது, இரும்பு இரும்பைத் தட்டுகிற சத்தம், ஏதோ அடுத்த வீட்டில் விழுந்ததுபோல் அத்தனை துல்லியம். பின்பு ஒன்றுமில்லை. ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. அப்புறம், நனைந்த விறகுக்குள் காற்று உடைந்ததுபோல 'பொஸ்' என்று ஒன்று. அதோடு சரி. தகரம் அதிரவில்லை, மந்தி கத்தவில்லை. எல்லோரும் இரண்டாவது குழலின் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

ஜக்கரியா ஒரு காலில் செருப்பும் இன்னொரு கால் வெறுமையுமாக நின்றான். சிக்கந்தர் ராவுத்தர் அவனைப் பார்க்கவில்லை. தன் செருப்பையும் பார்க்கவில்லை. படியில் ஊர்ந்த ஒரு மரவட்டையைப் பார்த்தார்.

"யாரோடது மாமு?" என்றான் ஜக்கரியா.

"கீழ எவனோ நாட்டு வெடி. பன்னிக்கு வச்சிருப்பான்."

"நாட்டு வெடிக்குக் குதிரை இப்படியா விழும்?" என்று சிரித்துவிட்டு, மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டு அவன் போனான். படியில் நின்றவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள். வழக்கமாக யாரும் யாருக்கும் விடுகிறதைவிட ஒரு கை அகலம் அதிகமாக விட்டார்கள்.

சத்தம் கேட்டதன் பின்னால்தான் அதற்கான காரணம் வந்து சேர்ந்தது. ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தை ஒற்றைக் கொம்பன் யானை மிதித்துப் போட்டது. அவளை எடுக்கப் போனவர்களில் ஒருவனைத் தூக்கிப் பாறையில் அடித்தது. இரவெல்லாம் லைன் வீடுகளின் சுவரை முதுகால் தேய்த்துக்கொண்டு நின்றது. கலெக்டர் ஆபீஸிலிருந்து அதைச் சுட உத்தரவு வந்தது, உத்தரவில் இருந்த பெயர் ஜக்கரியாவுடையது, ஏனென்றால் யானைத் துப்பாக்கி அவனிடம்தான் இருந்தது.

இப்போது ஊர் தன் பழக்கப்படி நடந்துகொண்டது. யாரும் அழவில்லை, யாரும் அவனிடம் போகாதே என்று சொல்லவில்லை. பவளத்தாயி அவனுக்குப் பாலைக் கெட்டியாக ஊற்றினாள். முடி வெட்டுகிறவர் வழக்கமாக அவன் வழுக்கையைக் கிண்டல் செய்கிறவர், அன்று வாயை மூடிக்கொண்டு, காதோரம் இரண்டு முறை சவரம் செய்தார். அவனோடு வரப்புத் தகராறில் பேச்சற்றுப் போயிருந்த எஸ்டேட் கங்காணி வலிய வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வீட்டுக்கு வீடு நெய்ச்சோறும், பணியாரமும், மூடி போட்ட குழம்பும் வந்தன. மோதினார், பள்ளிவாசல் பின்னால் கிடந்த, பிணம் சுமக்கும் சந்தூக்கை இழுத்து வெளியே போட்டுக் கழுவி, வெயிலில் நிமிர்த்திவைத்தார். அவன் அந்தப் பக்கம் வந்தபோது, அந்த மையத்துப் பெட்டிக்கு முன்னால் தன் உடம்பை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"மறைக்காதீங்க மோதினாரே" என்றான் ஜக்கரியா. "நீளம் சரியா இருக்கான்னு நானும் ஒரு தடவ பாத்துக்குறேன்."

"போடா, வாயில வசம்ப வச்சுத் தேய்க்க" என்றார் மோதினார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

டீக்கடையில் அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "என் கல்யாணத்துக்குக் கூட எவனும் இவ்வளவு சோறு போடலப்பா. ஆனை சாகட்டும், இதுக்காகவே வருசத்துக்கு ஒரு தடவ சாகப் போறேன்னு சொல்லணும்." சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் எல்லோரும் தத்தம் டம்ளரைப் பார்த்தார்கள்.

சிக்கந்தர் ராவுத்தர் அவனைப் பட்டறைக்கு அழைத்து, சுவரில் சாத்தியிருந்த, ரிப்பேருக்கு வந்த துப்பாக்கிகளைக் காட்டினார்.

"இந்த முன்னூத்தி எழுபத்தஞ்சை எடுத்துக்க. கேட்டது ரெட்டைக்குழலு. நீ அதத் தொடவே வேணாம்."

"இதுவா? மாமு, நீங்க ஊருக்கெல்லாம் என்ன சொல்லுவீங்க? அது நிக்கிறது மூங்கிப் பள்ளத்துல. நான் கம்பிய இழுத்து ரெண்டாவது தோட்டா ஏத்துற நேரத்துல அது என் நெஞ்சு மேல நிக்கும்."

"ரெண்டாவது சத்தம் கேக்கலையே, மருமகனே."

ஜக்கரியா நானூற்றி ஐம்பதை மடித்துத் திறந்து, வெறும் குழல் வழியாகச் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தான். "முதல் குண்டுலயே விழுந்துருக்கும். அதான் ரெண்டாவது தேவைப்படல. அப்படியும் இருக்கலாம்ல?"

"அந்தச் சத்தத்துக்கு ஆனை விழாது. ஆரஞ்சு கூட விழாது."

"பள்ளத்துக்குள்ள சுட்டாச் சத்தம் அமுங்கும் மாமு." அவன் அவரைப் பார்க்காமலே சொன்னான். "பஞ்சவர்ணம் புருசன் தினமும் வாசல்ல வந்து உக்காந்துட்டுப் போறான். ஒண்ணும் கேக்க மாட்டேங்குறான். கேட்டுட்டான்னாக் கூடப் பரவால்ல."

அன்று சாயங்காலம் மகள் ஜெய்த்தூன் வந்தாள். வீட்டு வாசல் களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பாதத்தில் அதன் சிவப்புக் கறையோடு பட்டறை நிலையில் நின்றாள்.

"அத்தா, எங்கிட்டயும் நாட்டு வெடின்னு சொல்லிறாதீங்க. அந்தக் குதிரைய அவரு தெனமும் வீட்டுல தூக்கித் தூக்கி விழ வைக்கிறாரு. எனக்குத் தெரியாதா?"

ராவுத்தர் திருப்புளியை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அவரு கேக்க மாட்டாரு. ஊரும் தடுக்காது. ஆனா தோட்டா கட்டுறது நீங்கதான? வேற யாரும் இல்லைல? ஒழுங்காக் கட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

பெட்டியிலிருந்த நானூற்றி ஐம்பதின் பழைய தோட்டா ஒன்றை எடுத்துக் குண்டைப் பிடுங்கிப் பார்த்தார். அந்தத் துப்பாக்கியின் கூடு நீளமானது, அந்தக் காலத்துக் கரிமருந்தை வாய்வரை கொட்டி நிரப்புவதற்காகச் செய்தது. இந்தக் காலத்து மருந்து வீரியம் கூடியது, கூட்டில் பாதிகூட வராது. மீதி இடம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையில் அவர் எப்போதும் ஒரு விரற்கடை இலவம்பஞ்சை அடைப்பார். பஞ்சு, மருந்தை அடியிலே கேப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும், துப்பாக்கியை எப்படிச் சாய்த்தாலும் நகரவிடாது. குண்டு வெடிக்கும்போது தானும் எரிந்து போய்விடும். இதை அவர் வாழ்நாளில் ஒருமுறையும் விட்டதில்லை. இப்போது அந்தப் பஞ்சை வெளியே இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. மலையில் மழை விட்டும் விடாமலும் இருந்த மாதம். பஞ்சு ஈரத்தைக் குடித்திருந்தது. அதைத் தொட்டிருந்த மருந்து, மணல் மணலாக உதிராமல், வெல்லப் பொடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான்" என்றார் தனக்குத்தானே. டக், அப்புறம் ஒன்றுமில்லாமை, அப்புறம் பொஸ். ஈர மருந்து பற்றத் தயங்கிய சத்தம். அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கிட்டத்தட்டச் சந்தோஷம் போல ஒன்று வந்தது. காரணம் கண்டுபிடித்த மனிதனுக்கு வருகிற சந்தோஷம். மறுநாள் வெயில் வந்த பொழுதெல்லாம் மருந்தை வெள்ளைத் துணியில் பரப்பி, பக்கத்தில் பீடி பிடித்தவனையெல்லாம் துரத்திவிட்டு, விரலால் கோதிக் கோதி உலர்த்தினார். புதுக் கேப்பு அடித்தார். குண்டுகளைத் துணியில் உருட்டித் துடைத்தார். பஞ்சைத் தொடவில்லை. பஞ்சு மூட்டையை வீட்டுக்குள்ளேகூட வைக்கவில்லை, தூக்கிக் கோழிக்கூட்டுமேல் போட்டார்.

அவர் அப்படி மருந்து உலர்த்திக்கொண்டிருந்த மத்தியானம், ஊர் மேல் இன்னொரு சத்தம் வந்தது. நிறைந்த சத்தம். தகரம் அதிர்ந்தது, டம்ளர்கள் கிணுகிணுத்தன, கருமந்திகள் கத்தின. நானூற்றி ஐம்பது. வலது குழல். எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பவளத்தாயி கும்பிட்டாள். "இதுதான் ஆனை வெடி! அது வேற எதுவோ, இதுதான் ஆனைக்கு!" ஜெய்த்தூன் களத்தில் நின்று, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். ஊர் முழுக்க ஒரு நாள் சாதாரணமாகப் பேசியது. முடி வெட்டுகிறவர் ஜக்கரியாவின் வழுக்கையைப் பற்றி வாய் திறந்தார்.

ஆனால் சிக்கந்தர் ராவுத்தருக்குத் தன் வேலையைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. மகள் கேட்ட வேலை. புதிதாகக் கட்டிய தோட்டாக்களில் ஒன்றை மறுநாள் காலையில், ஜக்கரியாவிடம் வாங்கிவந்த நானூற்றி ஐம்பதின் வலது குழலில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் போய், உயரத்தில் நீண்டிருந்த சடைப்பலாக் கிளை ஒன்றைப் பார்த்துத் துப்பாக்கியை மேலே தூக்கி விசையை இழுத்தார். சத்தமில்லை. தோள் பின்னால் போனது. தொடை கனத்துக் கிளை முறிந்து, இலையும் காயுமாக இறங்கி வந்து, அவர் முன்னால் கிடந்தது. அவர் குனிந்து முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நல்ல வெடி. தயங்காத வெடி.

வேலி ஓரம் பால் தூக்கோடு நின்றிருந்த பவளத்தாயி, கிளையைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"எந்தக் குழல்ண்ணே?"

"வலது."

"நேத்து கேட்டது..."

அவர் முறிந்த கிளையைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல சத்தம் ஒண்ணு வந்துச்சு" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அத நீங்க பலா மரத்துக்குக் குடுத்துட்டீங்களே."

அடுத்த நாள் விடிந்ததும் ஜக்கரியா கிளம்பினான். கூடத் தடம் பார்க்கும் பளியர் தேனன். ஜெய்த்தூன் களத்தில் கூட்டுப்பலகையால் காப்பிப் பழத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. அவன் தோட்டாக்களை ராவுத்தர் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மாமு, கிளைய முறிச்சுட்டுதாமே. ஊரே சொல்லுது. அப்புறம் என்ன?"

"கிட்டப் போகாத. மேல நின்னு சுடு."

"மேல இருந்துதான். பள்ளத்து விளிம்புல ஒரு பாறை இருக்கு. அது கீழ நிக்கும், நான் மேல." களத்துப் பக்கம் திரும்பி, "வரேன் புள்ள" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

ராவுத்தர் பட்டறைக்குள் வந்து மேசையை ஒழுங்குபண்ணத் தொடங்கினார். தராசைத் துடைத்தார். சிந்தின கேப்புகளைப் பொறுக்கினார். ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. அதைப் பெட்டியில் போடுவதற்காக எடுத்தவர், எடுத்த வாகில் குண்டு கீழே பார்க்கச் சாய்த்துப் பிடித்தார். உள்ளே ஏதோ நகர்ந்தது. சரசர என்று, முறத்தில் அரிசி சரிகிற மாதிரி, மிக மெதுவாக.

அவர் கட்டிய தோட்டா எதுவும் அதற்குமுன் பேசியதில்லை.

நிமிர்த்திப் பிடித்தார். சரசர என்று மருந்து திரும்பி வந்து கேப்பில் உட்கார்ந்தது. சாய்த்தார். கேப்பை விட்டு நீங்கி, குண்டுப் பக்கம் போய்க் குவிந்தது. பஞ்சு இல்லை, பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. மேலே பார்த்துச் சுட்டால் மருந்து நெருப்போடு இருக்கும், கிளை முறியும். கீழே பார்த்துச் சுட்டால், மருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். குதிரை விழும், கேப்பு வெடிக்கும், அந்தச் சின்ன நெருப்பு வெறுமையான கூட்டுக்குள் தேடிக்கொண்டு போகும், ஒரு ஆள் மூச்சைப் பிடித்து யோசிக்கிற அளவு நேரம் தேடும். அப்புறம் பொஸ்.

அவர் செருப்புப் போடாமல் ஓடினார். தோட்டா கையிலேயே இருந்தது. டீக்கடை முன்னால் அவரை நிறுத்தினார்கள். "எங்க ராவுத்தரே? என்னாச்சு?" அவர் தோட்டாவை அவர்கள் காதருகே வைத்துச் சாய்த்தார், நிமிர்த்தினார், சாய்த்தார். அவர்கள் குனிந்து மரியாதையாகக் கேட்டார்கள். "கீழ பாத்துச் சுடப்போறான்" என்றார். "பஞ்சு வைக்கல. கீழ பாத்துச் சுடப்போறான்."

அவர்களுக்குப் புரிந்தது. வேட்டைக்காரர்களோடு வாழ்ந்த ஜனம், அதற்குப் புரியாமலிருக்க வழியில்லை. ஒருத்தர் அவர் தோளில் கையை வைத்து, "கேட்டது கேட்டதுதான் ராவுத்தரே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் அந்தக் கையை உதறிவிட்டு ஓடினார். அவரைத் தனியே விடுவது மனுஷத்தனமில்லை என்று சிலர் பின்னால் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய் அவர் திரும்பிப் பார்த்தபோது, நாலு பேர் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மோதினார் முன்னால். அவர் ஓடினால் அவர்களும் எட்டு வைத்தார்கள். அவர் மூச்சுவாங்கி நின்றால் அவர்களும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். அவரை முந்தவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள்.

"திரும்பிப் போங்கடா" என்று கத்தினார். "இன்னும் வெடிக்கலடா!"

வெடித்துவிட்டதா இல்லையா என்று அந்த மலையில் யாருக்கும் தெரிய வழியில்லை. சத்தம் செலவாகிவிட்டது. அவர் ஏலக்காய்ச் சரிவில் விழுந்து எழுந்தபோது அது நடந்திருக்கலாம். ஓடையில் இறங்கித் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது நடந்திருக்கலாம். இப்போது, இந்த மூங்கிலைப் பிடித்து ஏறும்போது, அவன் பாறையில் மண்டியிட்டுக் கொண்டிருக்கலாம், இன்னும் விசையைத் தொடாமல் இருக்கலாம். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் குரல் மூங்கிலில் பட்டுத் திரும்பி வந்தது. ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. வெயில் இலைகளின் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு அமைதியான காலையை அவர் அந்தக் காட்டில் பார்த்ததில்லை. அந்த அமைதியில் எந்தப் பக்கம் மருமகன் உயிரோடு இருக்கிறான் என்று அவர் காது தேடித் தேடி ஓய்ந்தது.

தேனன் எதிரே வந்தான். ஓடவில்லை, நடந்துதான் வந்தான். அவன் கையில் துப்பாக்கி இருந்தது.

"ரெண்டாவது விசையில விரல வச்சாருங்க, இழுக்க அது விடல" என்றான். "முதல் குதிரை விழுந்தது, ஒண்ணும் ஆகலைன்னு அவரு துப்பாக்கியத் தாழ்த்திப் பாத்தாரு. அப்பத்தான் அது பொகைஞ்சது. குண்டு கீழ புல்லுல விழுந்தது, நான் பாத்தேன். ஆனை திரும்பிருச்சு. பாறை ஒண்ணும் அதுக்குப் பெரிய உசரமில்லைங்க."

ராவுத்தர் துப்பாக்கியை வாங்கினார். வலது குதிரை விழுந்து கிடந்தது. இடது குதிரை தூக்கியபடியே நின்றது. அதைக் கட்டைவிரலால் பிடித்து, விசையை அழுத்தி, குழந்தையின் இமையை மூடுவதுபோல் மெல்ல இறக்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, சந்தூக்கைச் சாய்த்துப் பிடித்து மூங்கிலுக்குள் இறங்கினார்கள்.

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். அவர் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது வடக்கிலிருந்து இரண்டு வெடிச் சத்தங்கள் வந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறினதுபோல். கபரைச் சுற்றி நின்றவர்கள் கையில் மண்ணோடு நிமிர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, கடைசியில் அவரைப் பார்த்தார்கள்.

"யாரோடது ராவுத்தரே?" என்று ஒருவர் மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியல" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னார், அன்றைக்கும் அதற்கப்புறம் எப்போதும்.

வீட்டுக்கு வந்தபோது பெண்கள் உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தோட்டாவைப் பற்றி மகளிடம் சொல்வதற்காக ஒரு வாக்கியத்தைக் காட்டிலிருந்தே மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜெய்த்தூன் முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "கிளைய முறிச்சத நானும் பாத்தேன் அத்தா" என்றாள். "மேல பாத்துச் சுட்டீங்க." அவளும் தோட்டா கட்டுகிறவர் மகள்.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மழையின் மண்வாசனை முந்திக்கொண்டு வீசியது. காலையில் பாதி திருப்பிப் போட்டபடி கிடந்த காப்பிப் பழம் களம் முழுக்கப் பரந்திருந்தது. ஒரு பாதி கறுத்தும் ஒரு பாதி சிவந்தும் இருந்தது. நனைந்தால் பூஞ்சை பூத்துப்போகும். உள்ளேயிருந்து யாரோ, "நீ உக்காரு தாயி, இன்னைக்கு வேணாம்" என்றார்கள். அவள் எழுந்து, கூட்டுப்பலகையை எடுத்து, களத்தின் ஓரத்திலிருந்து பழத்தை நடுவில் தள்ளிக் குவிக்கத் தொடங்கினாள். ராவுத்தர் சற்று நின்றார். பிறகு சாக்கை உதறி எடுத்துக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போய்க் குனிந்து, கையால் அள்ளினார்.